எந்த லினக்ஸ் என்று கேட்டார்கள்

சும்மா உதவி செய்கிற நல்லவர்களிடம் ஒரே ஒரு சங்கடம்: அவர்கள் கேள்வி கேட்பார்கள். நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

என் தங்கை ஜானகியின் கல்யாணம் ஸ்ரீவராகத்தில். திருநெல்வேலி அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் வர முடியவில்லை. (ஜானகியைப் பாதி வளர்த்தவளே அவள்தான்.) "கவலையே படாதே அத்தை, முகூர்த்தத்தை உன் ஆத்து டிவியிலேயே காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

எல்லாரையும்போல ஏதாவது ஒரு தளத்தில் ஒளிபரப்பியிருக்கலாம். தம்பானூரில் ஒரு கம்பெனிக்கே சர்வர் பார்க்கிறவன் அப்படிச் செய்தால் கௌரவம் என்னாவது? யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வீடியோ சர்வர் மென்பொருளை, வாடகை லினக்ஸ் சர்வர் ஒன்றில் நானே நிறுவி, மண்டபத்துக் கேமராவை அதனுடன் இணைத்தேன்.

மாப்பிள்ளை ஊஞ்சலில் உட்கார்ந்ததும் வீடியோ நின்றது.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் அரட்டைக் குழுவில் போய் அலறினேன். முன்பின் தெரியாதவர்கள் ஓடி வந்தார்கள். எல்லாரும் கேட்டது, "எந்த லினக்ஸ்?" லினக்ஸ் இயங்குதளத்தில் பல வகை உண்டு; ஒன்றின் கட்டளை இன்னொன்றில் செல்லாது. என் வகையைச் சொன்னேன். ஒருவர் கட்டளை தந்தார். அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது திரை. இன்னொருவர் தந்ததும் அதே கதி. மூன்றாமவர் சந்தேகப்பட்டு வேறு வகைக்கான கட்டளையைத் தந்தார். வேலை செய்தது! (எப்படி என்று யோசித்திருக்க வேண்டும்.) அந்த உற்சாகத்தில், அவர் நிறுத்தச் சொன்ன புரோகிராம்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக்கொண்டே போனேன்.

போன் அடித்தது. எங்கள் மலையாளி மேனேஜர் பிஜு சார்.

"எடோ, நம்ம சைட் மொத்தம் போயல்லோ! கஸ்டமர் எல்லாரும் விளிக்குன்னு!" போன் மேல் போன் போட்டுக் கூப்பிடுகிறார்களாம்.

"சார், இங்க தங்கைக்குக் கல்யாணம்..."

"அது சரி. சைட்டுக்கு எந்து பற்றி?" அதற்கு என்ன ஆச்சு என்பதிலேயே நின்றார்.

அதே நேரம் குழுவில் ஒரு பெண்மணி மிகப் பணிவாக எழுதினார்: "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இப்போது எந்த சர்வருக்குள் இருக்கிறீர்கள்?"

பார்த்தேன். காலையில் திறந்து, மூட மறந்த ஆபீஸ் சர்வரின் விண்டோ. அது வேறு வகை லினக்ஸ். நோயாளி பக்கத்துக் கட்டிலில் கிடக்க, நன்றாக இருந்தவனுக்கு ஊசி மேல் ஊசி போட்டிருக்கிறேன்.

வியர்க்க வியர்க்க ஆபீஸை எழுப்பிவிட்டு, சரியான சர்வருக்குப் போனேன். அந்தப் பெண்மணி சொன்ன ஒரே வரி. வீடியோ ஓடத் தொடங்கியது. கெட்டிமேளம் கொட்டியது.

"டேய், அட்சதை போட வாடா!" என்றார் அப்பா.

"இதை விட்டுட்டு வரமுடியாதுப்பா!" திரையில் ஓடிய சர்வர் வரிகளை முறைத்தபடி அங்கேயே காவல் இருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அத்தை கூப்பிட்டாள். "கல்யாணம் நன்னா இருந்ததுடா."

"எல்லாம் தெரிஞ்சுதா அத்தை?"

"மேளம் கேட்டுது. பொண்ணும் மாப்பிள்ளையும்தான் வரலை. நீதான் நகத்தைக் கடிச்சுண்டே இருந்தே."

மறுபடி இணைக்கிற அவசரத்தில் மண்டபத்துக் கேமராவுக்குப் பதிலாக என் லேப்டாப் கேமராவை இணைத்திருக்கிறேன்! பட்டுப்புடவை கட்டிக்கொண்டு டிவி முன்னால் காத்திருந்தவள், வேறு வழியில்லாமல் அட்சதையை என் முகத்தின் மேலேயே போட்டாளாம்.

இப்போதும் குடும்பத்தில் யார் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அத்தை போனில் முதலில் கேட்பது, "வீடியோ யாரு?" என் பேரைச் சொன்னால் போதும். "அப்போ சரி, நான் ரயிலேறி நேர்லயே வந்துடறேன்."