கால் சாமியும் இஸ்திரிப் பெட்டியும்

நொண்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் சில நாளில் நேராக நடந்தார்கள். ஒரு சாமிக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் விடிந்ததும் கூட்டம் கூடிவிடும். எல்லாருக்கும் காலில் கொப்புளம், கையில் கறுப்புப் பை. கால் சாமி கொப்புளத்தைத் தொடமாட்டார். காலைக்கூடப் பார்க்கமாட்டார். செருப்பு இருக்கும் பையை வாங்கிக் காதில் வைத்துக் கேட்பார். உங்கள் மேல் யாருக்கு வயிற்றெரிச்சல் என்று செருப்பு அவரிடம் சொல்லுமாம். செருப்பு எப்படிப் பேசும் என்று கேட்காமல், என்ன பேசியது என்று கேட்ட அறிவாளிகளின் வரிசையில் அடியேனும் நின்றேன்.

அடியேன் யார் என்று சொன்னால்தான் இதன் அழகு விளங்கும். நான் செருப்புக் கடையில் விற்பனையாளன். ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே காலைப் பார்த்து அளவு சொல்லிவிடுவேன். முகம் மறந்துபோகும், கால் மறக்காது. விரல் நசுங்குகிறது, குதிகால் கடிக்கிறது என்று வாடிக்கையாளர் முகம் சுளித்தால், "போடப் போட சரியாயிடும் சார்" என்று சிரித்துக்கொண்டே பில் போட்டு அனுப்பிவிடுவேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே குடும்பம் நடத்தியவன் நான்.

என் கால் ஒன்பதாம் அளவு. கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கும் ஜோடிகளைக் கடைசியில் எங்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். ஆண்கள் ஷூ எல்லாமே எட்டு. ஒன்பதாம் நம்பர் காலை எட்டாம் நம்பர் ஷூவுக்குள் திணித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். ஷூவின் பின்பக்கம் பிரிந்தது, மனைவி தைத்துக் கொடுத்தாள். குதிகாலில் கோலிக்குண்டு மாதிரி கொப்புளம் வந்தது. ஊருக்கெல்லாம் அளவு சொன்ன மேதைக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? யாரோ நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்று தோன்றியது.

சாமி என் பையைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். வேலை செய்யும் இடத்தில், பக்கத்திலேயே நிற்கிற ஒருத்தன் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாக்ஸ் கவுன்டர்க்காரன்! பதினாறு பேர் தோளோடு தோள் இடிக்கும் கடையில் யார்தான் பக்கத்தில் நிற்கவில்லை என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்யவில்லை. அன்றோடு அந்த நல்ல மனுஷனிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

பரிகாரமும் சொன்னார். செருப்பை அங்கேயே விட்டுவிட வேண்டும். மூன்று தெரு சேரும் இடத்தில் அதைப் புதைத்துவிடுவார். புண் ஆறும்வரை மூடிய செருப்பு போடக்கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துணி கட்ட வேண்டும். இதையேதான் என் அம்மாவும் சின்ன வயதில் சொன்னாள். அவள் காணிக்கை வாங்கவில்லை, அதனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கடிக்கிற செருப்பைக் கழற்றிப் போட்டால் கால் ஆறாதா? ஆறியது. நான் பக்தனாகிவிட்டேன். சும்மா இருந்தேனா? கடையில் பாதிப்பேரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வாடிக்கையாளர்களுக்குக்கூடச் சந்தின் வழி சொல்லி அனுப்பினேன். நான் கொடுக்கும் செருப்பு கடித்தால் அவர் பார்த்துக்கொள்வார். என்ன ஒரு ஏற்பாடு! பிறகு அதே எட்டாம் நம்பரில் இன்னொரு ஜோடி வாங்கினேன். மறுபடியும் கொப்புளம். சாக்ஸ்காரனின் பொறாமை ரெட்டிப்பாகிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

இதுவரைக்கும் என் கால், என் மடத்தனம். அடுத்தது வேறொருவர் கால்.

மாமியார் எங்களோடு இருக்கிறார். அத்தைக்குச் சர்க்கரை வியாதி, பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஒருநாள் என் மனைவி அவர் காலைக் கழுவிவிடும்போது பெருவிரலுக்குப் பக்கத்தில் பெரிய கொப்புளத்தைப் பார்த்தாள். அத்தைக்கு வலிக்கவே இல்லை, அதனால் தெரியவும் இல்லை. மனைவி அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அத்தை அசையவில்லை. அவருடைய அக்காவுக்கு இப்படித்தான் ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்துப் பாதத்தையே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி என்றாலே வெட்டுவார்கள் என்று ஒரே பிடிவாதம்.

"மாப்பிள்ளைக்குச் சரியாப் போச்சு இல்ல? என்னையும் அங்கயே கூட்டிட்டுப் போங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்துக்கு ஓடிப்போய் சாமியிடம் கேட்டேன். வயசான காலில் பொறாமை முற்றிப்போயிருக்கும், முள்ளால் குத்தி வெளியே விட வேண்டும், அதற்குத் தனிக் காணிக்கை என்றார். வீட்டுக்கு வந்து இதை நல்ல சேதி மாதிரி சொன்னேன். மனைவியின் முகம் செத்துப்போய்விட்டது. சர்க்கரைக் காலில் முள்ளா?

அவள் தபால் ஆபீஸில் பார்சல் கவுன்டரில் இருப்பவள். கத்தமாட்டாள். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"பையைப் பிரிக்காமலே உள்ள இருக்கறதைச் சொல்லிடுவாரா?"

"செருப்பே பேசும்."

"நானும் இத்தனை வருஷமா பார்சல் வாங்கறேன். எங்கிட்ட ஒண்ணும் பேசினதில்ல. சரி, முதல்ல உங்க ஷூவைக் கேக்கட்டும். அவர் சொல்றது சரியா இருந்தா அம்மா காலை நானே நீட்டச் சொல்றேன். தப்பா இருந்தா அம்மா மறுபேச்சு பேசாம ஆஸ்பத்திரிக்கு வரணும்."

அத்தை ஒத்துக்கொண்டார். நான் எக்களித்தேன். மனைவி அடங்கிவிட்டாள் என்றல்லவா நினைத்தேன்! என் ஷூவை அவளே உள்ளே எடுத்துக்கொண்டு போய், பார்சல் தைக்கிற மாதிரி பையின் வாயைச் சுற்றித் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பை கொஞ்சம் கனத்தது. பொறாமையின் கனம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சந்தில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தது. சாமி பையைக் காதில் வைத்தார். அவர் உடம்பு உதறியது.

"இடது கால் அழுவுது. வலது கால் கத்துது. ரெண்டு ஷூவுலயும் ஒருத்தன் உக்காந்திருக்கான். அதே ஆளு. போன தடவை சொன்னேனே, அவன்தான்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவியை வெற்றிப் பார்வை பார்த்தேன். சாமி பையை ஓரமாக வைத்துவிட்டு நீளமான முள்ளை எடுத்துக்கொண்டு அத்தையின் பக்கம் திரும்பினார். அத்தை காலை நீட்டப் போனார். மனைவி குறுக்கே கையை வைத்தாள். கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பிரிங்க."

பிரிக்கக்கூடாது, தோஷம் முழங்காலுக்கு ஏறிவிடும் என்று சாமி பதறினார். இவள் கண்ணைப் பார்த்தால் அதைவிடப் பயமாக இருந்தது. தையலை வெட்டிப் பையைக் கவிழ்த்தேன். ணங்கென்று விழுந்தது எங்கள் வீட்டுப் பழைய இஸ்திரிப் பெட்டி. ஒயரும் கூடவே வந்தது.

இடது காலும் வலது காலும் எங்கே? சரி, முடிந்தது கதை என்று நினைப்பீர்கள். பக்தர்களை நீங்கள் குறைவாக எடைபோடுகிறீர்கள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு தடித்த ஆள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

"ஷூவை இஸ்திரிப் பெட்டியா மாத்திட்டாரு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி ஒரு நொடி திகைத்து, அடுத்த நொடி அருள்பாலிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். அட, உண்மையைச் சொல்கிறேன், என் கையும் கன்னத்துக்குப் பாதி தூரம் போய்விட்டது.

அப்போது என் தொழில்புத்தி என்னைக் காப்பாற்றியது. கத்திய ஆளின் முகத்தை நான் பார்க்கவில்லை, வழக்கம்போலக் காலைப் பார்த்தேன். தவிட்டு நிற ஷூ. பின்பக்கம் பிரிந்த இடத்தில் நீல நூல் தையல். தவிட்டு நூல் தீர்ந்துபோய் என் மனைவி வீட்டில் போட்ட அதே தையல். முதல் தடவை நான் சாமியிடம் விட்டுவிட்டுப் போன ஷூ! மூன்று தெரு சேரும் இடத்தில் மண்ணுக்கடியில் இருக்க வேண்டிய ஷூ!

"சார், இது எங்க வாங்கினீங்க?"

"சந்து முனைல, பழைய செருப்பு வண்டியில. சல்லிசாக் குடுத்தாங்க. சாமியோட மச்சான்தான் விக்கறாரு."

"கடிக்குதா?"

"உயிர் போவுது. அதுக்குத்தானே இங்க வந்தேன்."

அதே குதிகால், அதே இடம், அதே கொப்புளம். இங்கே வாங்கி, அங்கே விற்று, அங்கே கடிபட்டவனை மறுபடி இங்கே வரவழைத்து... என் ஷூ ஒன்றே எத்தனை பேர் காலைக் கடித்துச் சாமிக்குச் சோறு போட்டிருக்குமோ! இதை உரக்கச் சொன்னேன். கூட்டத்துக்கு இஸ்திரிப் பெட்டி உறைக்கவில்லை, தன் செருப்பு என்றதும் உறைத்தது. அத்தனை பேரும் வண்டியை நோக்கி நொண்டிக்கொண்டே ஓடினார்கள். இது என்னோடது, அது என்னோடது என்று ஒரே இழுபறி. சாமி பின்வாசல் வழியாக ஓடிவிட்டார். அவசரத்தில் விட்டுப்போன அவருடைய செருப்பை எடுத்துப் பார்த்தேன். மெத்தென்ற தோல், அவர் காலுக்கு அளவெடுத்துச் செய்தது. காதில் வைத்துக்கூடப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை.

அத்தை ஆஸ்பத்திரியில் மறுபேச்சு பேசவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள், முள்ளால் குத்தியிருந்தால் சீழ் வைத்துப் பாதத்தையே இழந்திருப்பார் என்றார் கதையைக் கேட்ட டாக்டர். சுத்தம் செய்து கட்டுப் போட்டார். பிறகு டாக்டர் கேட்டார், புதுச் செருப்பு ஏதாவது போட்டீர்களா என்று. அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, என் பொறந்தநாளைக்கு நீங்க வாங்கிக் குடுத்தீங்களே, அது என்ன சைஸ்?"

கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. குறைந்த விலைக்கு வந்தது. அத்தையின் காலுக்கு ஓர் அளவு சின்னது. இறுக்குகிறது என்று அத்தை சொன்னபோது, போடப் போட சரியாகிவிடும் என்று சொன்னவனும் நான்தான். ஊரிலே பொறாமைக்காரனைத் தேடினேன், கொப்புளம் போட்டவன் நான் முகம் பார்க்கும் கண்ணாடிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் சாக்ஸ் கவுன்டர்க்காரனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நான் பேச்சை நிறுத்தியதையே அவன் கவனிக்கவில்லையாம். கொஞ்ச நாளாக ஏனோ நிம்மதியாக இருந்தது என்றான்.

அன்றைக்கே ஒருவர் புது ஷூவைப் போட்டு நடந்து பார்த்து முகம் சுளித்தார். வாய்வரைக்கும் அந்த வாக்கியம் வந்துவிட்டது. விழுங்கினேன். இது சரியாகாது, அடுத்த அளவு எடுங்கள் என்றேன். முதலாளி என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

காலில் மாட்டுகிற செருப்பையே நாலு நடை நடந்து பார்த்துத்தான் வாங்குகிறீர்கள். தலைக்குள் மாட்டுவதை மட்டும் ஏனய்யா போட்டுப் பார்க்காமல் வாங்குகிறீர்கள்?