மயிலின் தலை குறித்த கொள்கை முடிவு

நெருப்பு, சக்கரம் இரண்டுக்கும் பிறகு மனித குலம் கண்ட மூன்றாவது பெரிய முன்னேற்றம் 2006ஆம் ஆண்டு, திருத்தணி அரக்கோணம் சாலையில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நிகழ்ந்தது. சரித்திர ஆசிரியர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். கீழே பாத்திரச் சத்தம் அதிகம் என்பது காரணமாக இருக்கலாம். நான் அந்த மாடியில் நிர்வாக உதவியாளனாக இருந்தேன். கூட்டங்களுக்கு நாற்காலி போடுவது, கூட்டத்தில் பேசியதை எழுதுவது, மேலாளர் பேசியிருக்க வேண்டியதைப் பேசியதாக எழுதுவது ஆகியவை என் பணிகள். ஆகவே இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

நிறுவனத்தின் பெயர் சுடர்மதி சிஸ்டம்ஸ். தலைமையகம் சென்னை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் திடீரென்று, "உங்களுக்குத் திறமூல மென்பொருளில் அனுபவம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். திறமூல மென்பொருள் என்றால், அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். சம்பளம் இல்லை, பதவி இல்லை, ஆனாலும் வேலை நடக்கிறது. இப்படி ஓர் ஒழுங்கீனத்தை எங்கள் நிறுவனம் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் வாடிக்கையாளர் கேட்டுவிட்டால் ஒழுங்கீனமும் ஒரு சேவைதானே.

தேடியதில் 'தோகை' கிடைத்தது. சேலையின் கரையில் வர வேண்டிய உருவத்தைக் கணினியில் வரைந்தால், ஜக்கார்டு தறியில் மாட்டும் அட்டையில் எங்கெங்கே ஓட்டை போட வேண்டும் என்று அது சொல்லும். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்துப் பெண் சினேகாவும், மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கும் குடும்பத்து நாகேஷும் சேர்ந்து ஆரம்பித்தது. பிறகு எங்கெங்கோ இருந்து பலர் கைகொடுத்தார்கள். நெசவாளர்கள் இலவசமாகப் பயன்படுத்தினார்கள். எங்கள் நிறுவனம் சினேகாவைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு, தோகையைத் தன் இணையதளத்துக்குக் கொண்டுவந்து, அதற்குத் 'தலைமை தாங்க' மேலாளர் வெங்கடசுப்பிரமணியனை இந்தத் திருத்தணி மாடிக்கு அனுப்பியது.

அவர் தினமும் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வருவார். திறமூலம் பற்றிய புத்தகம் ஒன்றை முதல் நாள் திருவள்ளூரில் திறந்தார். மணவூர் வருவதற்குள் தூங்கிவிட்டார். மீதியைத் தன் நீண்ட அனுபவத்தால் நிரப்பிக்கொண்டார்.

முதல் கூட்டத்திலேயே அவருடைய கூர்மை வெளிப்பட்டது.

"இந்த நாகேஷ் யாருக்கு ரிப்போர்ட் பண்றார்?"

"யாருக்கும் இல்ல சார்" என்றாள் சினேகா.

"அப்ப அவருக்கு லீவு யார் சாங்ஷன் பண்றது?"

"அவரு லீவு கேக்கறதில்ல சார். நேரம் கெடைச்சா எழுதுவாரு."

"கிடைக்கலேன்னா?"

"எழுத மாட்டாரு."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம் இத்தனை நாளா இது எப்படி ஓடிச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடக் கூடாது என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

சீர்திருத்தங்கள் தொடங்கின. தன்னார்வலர்கள் ஒவ்வொருவரும் தினமும் காலையில் "வந்துவிட்டேன்" என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்றொரு சுற்றறிக்கை போயிற்று. ஜெர்மனியிலிருந்து ஒருவர் "எங்கே?" என்று கேட்டுப் பதில் எழுதினார். அவர்மீது 'ஒத்துழையாமை' என்று குறிக்கப்பட்டது. இனி எந்தத் திருத்தமும் திருத்த ஆய்வுக் குழுவின் ஒப்புதல் பெற்ற பிறகே தோகையில் சேரும் என்றும் முடிவாயிற்று. குழுவின் தலைவர் மேலாளர். உறுப்பினரும் அவரே. கருத்து வேறுபாடு வராமலிருக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. மயில் கரை போட்ட சேலைகளுக்கு அம்மையார்குப்பத்தில் ஆர்டர் குவிந்திருந்த நேரம். அப்போது பார்த்து மேலாளர் அவசரப்படுத்தி வெளியிட வைத்த புதிய பதிப்பில் ஒரு பிழை புகுந்துகொண்டது. கரை கொஞ்சம் அகலமானால் போதும், மயிலின் தலை கழுத்தை விட்டுவிட்டு வால் பக்கம் போய் உட்கார்ந்தது. பழைய பதிப்பையோ 'குழப்பம் தவிர்க்க' ஏற்கெனவே நீக்கியாயிற்று. நெசவாளர்களின் புகார் வந்த அன்றைக்கே நாகேஷ் பிழையைத் திருத்தி அனுப்பிவிட்டான்.

"இவர் காலைல அட்டெண்டன்ஸ் போடலையே" என்றார் மேலாளர்.

"சார், தறியெல்லாம் நிக்குது" என்றாள் சினேகா.

"இதோ பாரும்மா, மயிலுக்குத் தலை எங்க இருக்கணும்கறது ஒரு கொள்கை முடிவு. அவசரப்பட்டு எடுக்க முடியாது."

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சினேகாவின் அப்பா சிங்காரம் நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு சேலை. விரித்துக் காட்டினார்.

"பாருங்க சார், மயிலுக்கு மூஞ்சி பின்னால வந்துகினு கீது. அடிச்ச அட்டையெல்லாம் வீணு. யாவாரி பாத்துட்டு சிரிக்கிறான். கிருத்திகை போயிட்சின்னா இத்த எவன் வாங்குவான்?"

"உங்க கம்ப்ளெயின்ட் பதிவாயிடுச்சு. கமிட்டி கூடும்."

"எப்ப கூடும்ங்க?"

"அந்தத் தேதியை முடிவு பண்ண ஒரு மீட்டிங் இருக்கு."

சிங்காரம் மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீதான இத்த செஞ்சவ. நீயே போட்டா ஆவாதா?"

"ஆவும் நைனா. வேலை பூடும்."

தறி நின்றதிலிருந்து அந்த வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப வேணாம்மா" என்று அவர் சேலையை மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

மேலாளர் தேநீருக்குப் போனதும் சினேகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாகேஷின் திருத்தத்தைச் சேர்த்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டாள். "சார் கேட்டா நான்தான்னு சொல்லிடுங்க" என்றாள் என்னிடம். சாயங்காலத்துக்குள் அம்மையார்குப்பத்து மயில்கள் முன்பக்கம் பார்க்கத் தொடங்கின.

செய்தி தெரிந்ததும் மேலாளர் அதிர்ந்துபோனார். "அப்ரூவல் இல்லாம ஒரு விஷயம் சரியாயிருக்கு" என்றபோது அவர் குரல் நடுங்கியது. "இதுக்கெல்லாம் மூல காரணம் அந்த நாகேஷ். அவரை டிஸ்மிஸ் பண்றோம்."

"அவரை நாம வேலைக்கே எடுக்கலையே சார்" என்றேன்.

சாதாரண மூளையாக இருந்தால் அந்த இடத்தில் நின்றுபோயிருக்கும். அவர் ஒரு நிமிடம்தான் யோசித்தார். "அப்ப எடுத்துடுவோம்" என்றார்.

இரண்டு உறைகள் தயாராயின. ஒன்றில் பணி நியமன ஆணை, மற்றதில் பணி நீக்க ஆணை. இரண்டிலும் அவரே கையெழுத்திட்டார். மலைக்குப் போனோம். நாகேஷ் மடைப்பள்ளியில் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"கங்கிராஜுலேஷன்ஸ்" என்று முதல் உறையை நீட்டினார் மேலாளர். "உங்களை அப்பாயின்ட் பண்றோம்."

"எனக்கு இங்கயே வேலை இருக்கே சார். அது என்ன, இன்னொரு கவரு?"

"அது நீங்க இதை வாங்கிக்கிட்ட பிறகு."

நாகேஷ் என்னைப் பார்த்தான். நான் பொங்கல் அண்டாவைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரித்தான். "வேணாம் சார். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, பிரசாதம் சாப்ட்டுப் போங்க."

மேலாளர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

கீழே இறங்கும்போது யோசனையாகவே வந்தார். "டிஸ்மிஸல் லெட்டர் டைப் பண்ணியாச்சு இல்ல?"

"ஆச்சு சார்."

"கையெழுத்தும் போட்டாச்சு. வேஸ்ட் பண்ணக் கூடாது. பேரை மட்டும் மாத்திடு."

குற்றச்சாட்டு: 'அனுமதியின்றிச் சரிசெய்தல்'. சினேகா கடிதத்தை நின்றபடியே முழுசாகப் படித்தாள். "இதுல ஒரு எடத்துல மடைப்பள்ளின்னு கீது சார், மாத்த வுட்டுட்டீங்க" என்று என்னிடம் காட்டினாள். பிறகு சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு தன் ஊர்ப்பக்கம் போகும் ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். எனக்கு வயிறு எரிந்தது. மேலாளருக்குப் பொங்கல் நன்றாகவே செரித்தது.

அதன்பின் நடந்தது எதுவும் சட்டவிரோதமல்ல. தன்னார்வலர்கள் அத்தனை பேரும் தோகையை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வேறொரு தளத்துக்குக் குடிபோய்விட்டார்கள். ஜெர்மன்காரர் முதல் ஆளாகப் போனார். நெசவாளர்களும் அங்கேயே போனார்கள். எங்கள் தோகைக்கு ஒரு குறைகூட வரவில்லை. வாரக் கூட்டத்தில் மேலாளர் என்னைப் பார்த்து "புகார் ஏதாவது?" என்பார். "இல்லை சார்" என்பேன். பரம திருப்தியுடன் கூட்டம் கலையும். கலைவதற்கு நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

புகாரே இல்லாத மென்பொருள் என்று தலைமையகம் பூரித்துப்போனது. மேலாளருக்கு விருது. திறமூலத்துக்கு மாறுவது எப்படி என்று மற்ற மேலாளர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கச் சென்னைக்குப் பதவி உயர்வு. சினேகா வேலை கேட்டு ஏறிய இடங்களிலெல்லாம், நீக்கப்பட்ட காரணத்தைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விருது விழாவில் வாசிக்க மேலாளரைப் பற்றிய பாராட்டுரையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "மிகைப்படுத்தாதே, நடந்ததை எழுது போதும்" என்றார் அவர் அடக்கமாக. அப்படியே எழுதிக் கொடுத்தேன்:

"எங்கள் அலுவலகத்தில் வேலை செய்தவர் ஒரே ஒருவர். அவரைச் சரியாகக் கண்டுபிடித்து வேலையை விட்டு நீக்கிய பெருமை முழுவதும் இவரையே சேரும்."