தாம்பாளத்தில் ஒட்டிய சம்பந்தி

தச்சநல்லூர்,
கார்த்திகை, 1994.

மகா கனம் பொருந்திய 'விந்தை இயந்திரம்' மாத இதழின் ஆசிரியர் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் நமச்சிவாயம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் அச்சகமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம்தான். உள்ளங்கைத் தோல் மட்டும் ஒரு தாம்பாளத்தில் இருக்கிறது.

தங்கள் 'ஒட்டாததும் ஒட்டும்' தொடரை ஒரு வரி விடாமல் படித்த புண்ணியவான் நான். வெல்டிங்குக்கு நெருப்பே வேண்டாம், வெடி வைத்தால் செம்பும் அலுமினியமும் பிரிக்க முடியாதபடி சேரும் என்று எழுதினீர்கள். ஆஹா, என்ன மூளை! தீபாவளி மிச்சத்தில் ஓர் அணுகுண்டை வைத்துப் பார்த்தேன். செம்பு பக்கத்து வீட்டு கமர் நிஷா அம்மாளின் மாடிக்குப் போனது. அலுமினியச் சட்டி போன இடம் இன்றுவரை தெரியவில்லை. இரும்பை இரும்போடு வேகமாகத் தேய்த்தாலே ஒட்டும் என்றீர்கள். தேய்த்தேன், தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? பித்தளையையும் மரத்தையும் சேர்க்க ஒரு துளிப் பசை போதும், விடிவதற்குள் காய்ந்துவிடும் என்ற தங்கள் திருவாக்கை நம்பி, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், தாம்பாளத்தில் கழன்று கிடந்த மரக் கைப்பிடியை ஒட்டி வைத்தேன்.

என் ஒரே மகள் சித்ரலேகாவுக்கு நாகர்கோவில் வரன். பையன் தங்கமானவன். நிச்சயதார்த்தத்தன்று அவன் அப்பா தாணுமாலையன்தான், கல்யாணம் நாகர்கோவிலில் என்று ஒற்றைக் காலில் நின்றார். பெண் வீட்டில் நடத்துவதுதானே எங்கள் வழக்கம், நான் விடுவேனா? வார்த்தை தடித்து, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். நானும் எழுந்துவிட்டேன். சம்பந்தமே முறிகிற நேரம். சித்ரலேகா அடுக்களையிலிருந்து எடுத்துக் கொடுத்த தாம்பாளத்தை என் மனைவி அன்னத்தாய் கைப்பிடிகளைப் பிடித்துத் தூக்கிவந்து, "மொதல்ல தட்ட மாத்துங்க, சண்டைய பொறவு வச்சுக்கிடலாம்" என்று எங்கள் நடுவே நீட்டினாள். சபை மரியாதைக்காக இருவரும் விளிம்பைப் பிடித்தோம்.

"கைய விடும் வே!" என்றார் அவர்.

"நீரு விடும் வே!"

"நான் எப்பவோ விட்டுட்டேன் வே, தட்டுல்லா விட மாட்டேங்கு!"

காயாத தங்கள் பசை விளிம்பெல்லாம் வழிந்திருக்கிறது, ஐயா! சொந்தபந்தம் எல்லாம் சுத்தி நின்னு பாக்க, ரெண்டு கிழவன்மாரும் ஒரே தட்டப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். அன்னத்தாய் ரெண்டு பேருக்கும் கேசரி ஊட்டிவிட்டா. அவருக்கு ஒண்ணுக்கு வந்தது, தாம்பாளத்தோட நானும் கூடப் போனேன். அதற்குமேல் எழுத எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அந்த நிலைமையில் எவன் ஊர்ப்பெருமை பேசுவான்? இரண்டு ஊருக்கும் நடுவே, இரு வீட்டாருக்கும் ஒரு நாயைக்கூடத் தெரியாத வள்ளியூரில் கல்யாணம் என்று முடிவாயிற்று. பிறகு கமர் நிஷா அம்மாள் நகப்பூச்சு அழிக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து எங்களைப் பிரித்தார்.

ஆகவே, இந்தத் தொடரை உடனே நிறுத்தி, முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்கவும்.

தங்கள் குடும்பத்தார் அனைவரும் கை வேறு, தட்டு வேறாக நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
நமச்சிவாயம்.

பி.கு.: இதைத் தபாலில் போடச் சொல்லிச் சித்ரலேகாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அவுகள ஏம்ப்பா திட்டுதிய? நீங்க ஒட்டுன கைப்பிடி விடியுமுன்னயே காஞ்சிட்டு. நீங்க ரெண்டு பேரும் எந்திரிச்சதும் நாந்தான் மிச்சப் பசைய விளிம்பு பூரா தடவிக் குடுத்தேன். எனக்கு அவரப் பிடிச்சிருக்கு. நீங்க முறிச்சுக்கிட்டுப் போயிட்டா நான் என்ன செய்ய?" என்கிறாள். மன்னிப்பு வேண்டாம், ஐயா. தொடரையும் நிறுத்த வேண்டாம். சந்தாவை மட்டும் சம்பந்தி பேருக்கு மாற்றிவிடுங்கள். தை மாதம் முதல் அவள் அந்த வீட்டில்தான் இருப்பாள்.