ஆன்மா அழைத்தபோது சிற்றம்பலம் சென்ற பரண்

தம்மைத் தாமே தேடிப் போகிறவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். வீட்டில் வேலை கூடும்போதுதான் இவருக்கு ஆன்மா கூப்பிடும். அதுவரை அது எங்கே போயிருந்தது என்று கேட்கக்கூடாது.

ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் சிற்றம்பலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டுத் தை மாதம், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, மனைவி விமலேஸ்வரியின் தங்கை கமலாட்சியும் கணவன் தங்கராசாவும் பிள்ளைகளும் மாமியும் மாமியின் தையல் மெசினுமாகக் கிளிநொச்சியில் அவரது இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்த மூன்றாம் நாள், ஆன்மா கூப்பிட்டது.

"விமலேஸ், நான் என்னைத் தேடிப் போறன்."

"நானும் காலமை துடக்கம் உங்களைத்தான் தேடுறன். பதினொரு பேருக்குத் தண்ணி அள்ளவேணும்."

அவருக்கு அது கேட்கவில்லை. இந்த இனத்துக்கு உள்ளே ஒலிப்பது மட்டும்தான் கேட்கும். இயற்கையோடு ஒன்றப்போவதாகவும், மின்சாரத்தைத் துறப்பதாகவும் அறிவித்தார். கிளிநொச்சியில் மின்சாரம் நின்று ஆறு வருடம். சீனியையும் துறந்தார். கடையில் சீனி இருந்தால்தானே! தலையணை, சாய்மனைக் கதிரை, ஒரு போத்தல் நல்லெண்ணெய் என்று துறவுக்கு வேண்டியவற்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குப் புறப்பட்டார்.

அங்கே காட்டோரம் வீரையாவும் அழகம்மாவும் இரண்டு ஏக்கர் நெல் செய்தார்கள். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி எடுத்த நிலம். காணிக் கடிதங்களைச் சிற்றம்பலம் முன்பு எழுதிக் கொடுத்தவர் என்பதால், யானைக் காவலுக்குக் கட்டிய பரணையே ஐயாவுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

மௌன விரதம் தொடங்கியது. வாய்தான் மௌனம், கை அல்ல. 'தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிப் போடவும்' என்று கடதாசித் துண்டு வரும். அழகம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வயலில் நிற்கும் வீரையா சேற்றுக் காலோடு ஓடிவந்து எழுத்துக்கூட்டி வாசிப்பார். 'சேவலைத் தூரக் கட்டவும்.' மறுபடி ஓடிவருவார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் வீரையா பரணடியில் வந்து நின்றார்.

"ஐயா, நாங்க ரெண்டு பேரும் வெறகுக்குப் போயிட்டு வந்திர்றோம். கதிரு முத்தி நிக்குது. யானை தலை தெரிஞ்சா இந்தத் தகரத்தத் தட்டுங்க, போதும்."

ஐயா கண்மூடித் தலையசைத்தார்.

யானை வந்தது. ஒன்றே ஒன்று, அவசரமில்லாமல் வந்தது. சிற்றம்பலம் கண்ணைத் திறந்தார், கண்டார், மறுபடி இறுக்கி மூடிக்கொண்டார். தகரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. தட்டினால் யானை திரும்பிப் பார்க்குமே!

விறகோடு வந்தவர்கள் கூவிக் கலைத்தபோது கீழ்ப்பக்கத்து அரை ஏக்கர் போய்விட்டிருந்தது. அழகம்மா விறகைப் போட்டுவிட்டு வரப்பில் குந்தினாள். மிதிபட்ட கதிர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. மாசியிலிருந்து ஆவணிவரை சாப்பிடவேண்டிய நெல்.

"யானையப் பாக்கலியா ஐயா?" வீரையா பரணை அண்ணாந்து கேட்டார்.

துண்டு இறங்கியது. வீரையா எழுத்துக்கூட்டினார்: 'எல்லா உயிரும் ஒன்றே. யானை வேறு, நான் வேறு அல்ல.'

அழகம்மா எழுந்தாள். "அப்படின்னா இவரையும் வெரட்டுங்க" என்றாள். பரணேறித் தகரத்தை அவளே எடுத்துத் தட்டினாள்.

மறுநாள் காலை வந்த முதல் உழவு இயந்திரத்தில் சாய்மனைக் கதிரையும் ஐயாவும் கிளிநொச்சிக்குத் திரும்பினார்கள். அழிந்த நெல்லைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. "ஒரு கொம்பன் என்ரை தவத்துக்கு முன்னாலை அடங்கி நிண்டது" என்பதுதான் கதை. விமலேஸ்வரி வாளியோடு நடந்துகொண்டே கேட்டாள். மலசலகூடக் குழி வெட்ட மண்வெட்டியோடு நின்ற தங்கராசா மட்டும் அதை மெல்லக் கீழே வைத்தார்.

"அண்ணை, அந்த இடம் எங்கை? எனக்கும் ரெண்டு நாளாய் உள்ளுக்குள்ளை ஏதோ ஒரு தேடல்."

தொற்றுகிற வியாதி இது. நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? குசினி அடுப்படியிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுவது எனக்கே கேட்கிறது. உங்களுக்குக் கேட்கவில்லையா, அல்லது தியானமா?