வாடிக்கையாளரின் கட்டைவிரல்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு வியாதியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இருபத்துமூன்று வருடத் தாம்பத்தியத்தில் எனக்கென்று தனியாக ஏதாவது ஒன்று வேண்டாமா?

வியாதி வந்தது வலதுகால் கட்டைவிரலில். தக்காளி மாதிரி சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது. நான் தையல்காரன். மெஷினை மிதிக்கிற கால் அது. லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். யூரிக் ஆசிட் ஒன்பதரை. 'வாதம்' என்றார்கள். வீட்டில் ஒரு வாதத்திலும் ஜெயிக்காதவனுக்கு வாதம்!

ரிப்போர்ட்டைக் கடையில் துணிக்கட்டுக்கு அடியில் ஒளித்தேன். இவளுக்குத் தெரிந்தால் ஈரலும் பீரும் அன்றோடு போச்சு. ஆனால் மாத்திரை வேண்டுமே. இவளோ மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.

"கடைக்கு வர்ற ஒருத்தருக்குக் கட்டைவிரல் வீங்கிடுச்சாம். மாத்திரை ஏதாவது இருக்கா?"

"யூரிக் ஆசிட் எவ்வளவாம்?"

"ஒன்பதரை."

"அளவு எடுக்கும்போது ரத்தமும் எடுத்தீங்களா?"

"அவரே சொன்னாருடி!"

"மாத்திரையை டாக்டர்தான் எழுதணும். முதல்ல நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்க."

"வலி கால்ல!"

"வலிதான் கால்ல. இப்படி இருக்கறவங்களுக்கு பிரஷர், கிட்னிக் கோளாறு, மாரடைப்பு எல்லாமே மத்தவங்களைவிட அதிகமா வருதுங்க."

கட்டைவிரலுக்கும் நெஞ்சுக்கும் இப்படி ஒரு உறவு இருப்பதை யாருமே என்னிடம் சொன்னதில்லை.

"உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

"பாவம், நல்ல மனுஷன்."

"இடுப்பு எவ்வளவு அவருக்கு?"

தொழில் புத்தி. பட்டென்று வந்துவிட்டது. "நாப்பத்திரண்டு."

"உங்க அளவாச்சே?"

"உலகத்துல நாப்பத்திரண்டு எனக்கு மட்டும்தானா?"

"சரி, நாளைக்குப் பத்து மணிக்கு அவரை இதய டாக்டர்கிட்ட வரச் சொல்லுங்க. திங்கக்கிழமையே சொல்லி வச்சாச்சு."

இன்று வியாழன்.

"நீங்களா சொல்வீங்கன்னு நாலு நாளாப் பார்க்கறேன். சோறு இறங்கல எனக்கு." குரல் உடைந்தது. நான் பார்த்து அவள் குரல் உடைவது இதுதான் முதல் தடவை. மாரடைப்பைவிட அது பயமாக இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். அதில் என் ரிப்போர்ட்.

"லேப்ல போன் நம்பர் கேட்டாங்கள்ல? உங்களுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது என் நம்பர் மட்டும்தானே!"