ஏகமனதாக ஒரு தலைவர்

"எனக்கெதுக்குங்க பதவி?" என்று பதினோராவது ஆளும் சொல்லிவிட்டதும், செயலாளர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

கட்சி மூன்றாவது தடவையாகத் தோற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் தடவை தோற்றபோது வாக்காளர்களைத் திட்டினார்கள். இரண்டாம் தடவை வாக்கு எண்ணியவர்களைத் திட்டினார்கள். மூன்றாம் தடவை திட்டுவதற்கு வேறு ஆள் மிச்சமில்லாததால் தலைவரைத் திட்டினார்கள். அவர் மறுநாளே ராஜினாமா கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

போவதற்கு முன் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொன்னார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு பேரைச் சொல்லிடுங்க. இல்லேன்னா கட்சியைக் கலைச்சாச்சுன்னு நானே அறிக்கை விட்டுடறேன்."

இன்று வெள்ளிக்கிழமை. மணி இரண்டரை. மாடி மண்டபத்தில் நிர்வாகக் குழு கூடியிருந்தது. கீழே நான்கு நிருபர்கள், கட்சி பிழைக்குமா சாகுமா என்று தெரிந்துகொள்ள, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் உறவுக்காரர்கள் மாதிரி காத்துக்கொண்டிருந்தார்கள்.

செயலாளருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே கட்சி, ஒரே வேலை. அறிக்கை எழுதுவார், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பார், தோற்ற மறுநாள் 'இது தோல்வியல்ல' என்று எழுதுவார். வேறு தொழில் தெரியாது. கட்சி கலைந்தால் வீட்டில்தான் உட்கார வேண்டும். வீட்டிலோ தலைமை ஏற்கெனவே உறுதியாக இருந்தது. அங்கே செயலாளர் என்று ஒரு பதவியே கிடையாது. தொண்டர் பதவி மட்டும்தான்.

அந்தத் தலைமையைத்தான் படிக்கட்டில் நின்று போனில் கூப்பிட்டார்.

"எல்லாரும் வேண்டாங்கறாங்க. இப்ப என்ன செய்யறது?"

"நிஜமாவே வேண்டாம்னா சொன்னாங்க?" என்றாள் மனைவி. "விருந்தாளிக்கு இன்னும் கொஞ்சம் போடப் போனா, போதும் போதும்னு தட்டைக் கையால மறைப்பாங்க. ஆனா விரலுக்கு நடுவுல இடம் விட்டிருப்பாங்க. அதைப் பாத்தீங்களா நீங்க?"

"பாக்கலியே."

"இருபத்திரண்டு வருஷம் என்னத்தைத்தான் பாத்தீங்களோ! பாத்திரத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போற மாதிரி நடிங்க. கை தானா விலகும்."

செயலாளர் மேலே போனார். தொண்டையைச் செருமினார். "நிர்வாகக் குழுவுல யாருக்கும் தலைவராக விருப்பமில்லைன்னு தீர்மானம் எழுதிட்டேன். எல்லாரும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. வெளியிலிருந்து ஒரு ஆளைப் பாத்துக்கலாம்."

கை விலகியது. விலகிய வேகத்தில் மேஜை மேலிருந்த தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்று வக்கீல் எழுந்தார். "'எனக்கெதுக்குங்க பதவி'ன்னு நான் கேட்டது கேள்வி. கேள்வியைப் பதில்னு எப்படிப் பதிவு பண்ணலாம்?"

"நான் வேண்டாம்னது சாப்பாட்டுக்கு முன்னாடி," என்றார் டாக்டர். "சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்னு வித்தியாசம் இருக்கில்ல?"

மகளிரணி அக்கா கைப்பையை மேஜையில் டம்மென்று வைத்தார். "மூணு தடவையும் ஆம்பளைங்க தலைமையில தோத்தாச்சு. நாலாவது தடவை தோக்கறதுக்காவது ஒரு பொம்பளைக்கு வாய்ப்புக் குடுங்களேன்!"

"அப்படின்னா மத்தியானம் கேட்டப்ப ஏங்க்கா வேண்டாம்னீங்க?" என்றார் செயலாளர்.

"ஒரு தடவை கேட்டதும் சரின்னு சொல்ல நான் என்ன அலைஞ்சுக்கிட்டா இருக்கேன்?"

மண்டபம், மைக், சாப்பாடு என்று எல்லாவற்றையும் வீட்டில் இருந்தபடியே போனில் முடித்துவிடும் பொருளாளரும் தம் பங்குக்கு எழுந்தார். தமக்கு நிர்வாகத் திறமை இருக்கிறது என்றார். அது இருந்துமா தோற்றோம் என்று வக்கீல் கேட்டார். உம் வாயால்தான் தோற்றோம் என்று பொருளாளர் சொன்னார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் யார் யாரால் தோற்றோம் என்ற ஆராய்ச்சி நடந்தது. தேர்தலில் எதிர்க்கட்சியைக்கூட இவ்வளவு நன்றாகத் தாக்கிப் பேசியதில்லை.

மணி நாலைத் தொட்டபோது செயலாளருக்கு வியர்த்துக் கொட்டியது. நெருப்பை அணைக்கப் போய் நெய்யை ஊற்றிவிட்டோமே என்று நொந்துகொண்டு, மைக்கைப் பிடித்தார்.

"ரகசிய வாக்கெடுப்பு வைச்சுக்கலாம்! ஆளுக்கொரு சீட்டு. மனசாட்சிப்படி ஒரு பேர். அவ்வளவுதான்."

மனசாட்சி என்றதும் எல்லோரும் அடங்கினார்கள்.

செயலாளர் தாளைக் கிழித்து ஆளுக்கொரு சீட்டாகக் கொடுத்தார். நிர்வாகக் குழுவில் அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஆனால் கொடுத்து முடித்தபோது பதின்மூன்று சீட்டு போயிருந்தது. பதின்மூன்றாவது சீட்டு, கடைசி வரிசை ஓரத்தில் இருந்த அமைதியண்ணன் கையில் இருந்தது.

அமைதியண்ணன் என்பது செயலாளர் மனசுக்குள் வைத்துக்கொண்ட பெயர். தூய வெள்ளைச் சட்டை, வாரிவிட்ட நரைத்தலை, ஐம்பது வயதிருக்கும். மூன்று வருஷமாக ஒரு கூட்டம் தவறாமல் வருவார். எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போவார். வாயே திறக்க மாட்டார். கூட்டம் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் மண்டபத்தை ஒரு தடவை கண்ணால் எண்ணிப் பார்ப்பார். எத்தனை பேர் கட்சியைவிட்டுப் போய்விட்டார்கள் என்று கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று செயலாளர் உருகிப்போவார்.

அவர் யார் என்று முதல் கூட்டத்திலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டாம் கூட்டத்தில் அவரே சிரித்துத் தலையசைத்தார், இவரும் அசைத்தார். மூன்று வருஷம் தலையசைத்த பிறகு ஒரு மனிதரிடம் போய், 'நீங்க யாரு?' என்று எந்த முகத்தோடு கேட்பது? இருக்கிற கொஞ்சம் பேரில் ஒருத்தரைப் பகைத்துக்கொள்வதைவிட, பட்டியலைப் பதின்மூன்றாகத் திருத்திக்கொள்வது சுலபம். திருத்திக்கொண்டார்.

செயலாளரும் தம் சீட்டை எழுதினார். கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினார். தம் பெயரைத்தான். யாரோ ஒருத்தராவது நம்மை நினைத்தார்கள் என்று குறிப்பேட்டில் இருக்கட்டுமே என்ற ஒரு சின்ன ஆசை.

சீட்டுகளைப் பிரித்துப் படித்தார். "வக்கீல், ஒண்ணு. டாக்டர், ஒண்ணு. மகளிரணி, ஒண்ணு. பொருளாளர், ஒண்ணு..."

பன்னிரண்டு சீட்டு. பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு ஓட்டு. தம் பெயரைப் படிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் கம்மியது.

அவரவர் கைவிரல் நகத்தை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதின்மூன்றாவது சீட்டைப் பிரித்தார். அதில் ஒன்றுமே எழுதவில்லை.

"வெறும் சீட்டு ஒண்ணு," என்றார்.

வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார். "அது என்னோடது! எனக்குப் பதவி ஆசை இல்லைன்னுதான் வெறும் சீட்டாப் போட்டேன். என் பேரை யாரோ அன்பால எழுதியிருக்காங்க."

"என்னது, உங்களோடதா?" என்று டாக்டர் துள்ளினார். "நான்தானே வெறும் சீட்டு போட்டேன்!"

"சும்மா இருங்க ரெண்டு பேரும். அந்தச் சீட்டை மடிச்ச மடிப்பே என் மடிப்பு," என்றார் மகளிரணி அக்கா.

ஐந்து நிமிஷத்தில் அந்த ஒரு வெறும் சீட்டுக்குப் பதினோரு பேர் உரிமை கொண்டாடினார்கள். தலைவர் பதவிக்குக்கூட அவ்வளவு போட்டி இருந்திருக்கவில்லை. செயலாளர் வாயும் 'அது என்னோ...' வரைக்கும் வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நாலு முப்பத்தைந்து.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேருக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கிறது. ஒருத்தருக்கு மட்டும் விழவில்லை.

"கொஞ்சம் இருங்க! இந்த மண்டபத்துல தன் பேரைத் தானே எழுதாத மனுஷர் ஒரே ஒருத்தர்தான் இருக்காரு." கடைசி வரிசையைக் கையால் காட்டினார். "அதோ, அந்த இடத்துல இருந்தாரே, அவர்."

அமைதியண்ணன் அங்கே இல்லை. போன் வந்ததால் மாடிமுகப்புக்குப் போயிருந்தார்.

எல்லோரும் யோசித்தார்கள். முகத்தில் யோசனை ஓடுவது வெளியே தெரிந்தது. வாயில்லாத ஆள். அந்த ஆளுக்கு வாயாக யாராவது இருக்க வேண்டும். அது ஏன் நாமாக இருக்கக் கூடாது என்று பதினோரு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. பேசாத தலைவருக்கு அறிக்கை எழுத ஆள் வேண்டுமே என்று செயலாளருக்கும் தோன்றியது.

"இப்படிப்பட்ட தியாகிதான் வேணும்," என்றார் வக்கீல்.

"அடக்கம்னா அதான் அடக்கம்," என்றார் டாக்டர்.

கட்சி வரலாற்றில் முதன்முறையாக ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

போனை முடித்துக்கொண்டு உள்ளே வந்த மனிதரைப் பன்னிரண்டு பேரும் மொய்த்துக்கொண்டார்கள். பொருளாளர் வாங்கி வைத்திருந்த பூங்கொத்தைக் கையில் திணித்தார். மகளிரணி அக்கா வாழ்க என்றார். அவர் பேந்தப் பேந்த விழித்து, "ஐயா, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் தலைவரே," என்று வக்கீல் அவர் தோளை அமுக்கி முன்வரிசையில் உட்கார வைத்தார். "உங்க மனசு எங்களுக்குத் தெரியும்."

நிருபர்களை மேலே அழைத்தார்கள். கேமரா வெளிச்சம் போட்டது. செயலாளர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, அறிக்கையில் 'புதிய தலைவராக' என்று எழுதி நிறுத்தினார். அடுத்த சொல் பெயர்.

ரகசியமாக வக்கீல் காதருகே குனிந்தார். "தலைவர் முழுப் பேர் என்னங்க?"

"என்னைக் கேட்டா? டாக்டர் ஆள்தானே அவர்."

டாக்டரிடம் போனார்.

"எனக்கெப்படித் தெரியும்? அவர் வக்கீலோட ஆளாச்சே!"

பொருளாளர், மகளிரணியின் ஆள் என்றார். மகளிரணி அக்கா, பொருளாளரின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று இதுநாள்வரை நினைத்ததாகச் சொன்னார்.

"சார், புதுத் தலைவர் பேரைச் சொல்லுங்க," என்று ஒரு நிருபர் கத்தினார்.

"பேருக்காக வாழறவர் இல்லைங்க அவர்," என்று செயலாளர் திரும்பக் கத்தினார். பலத்த கைதட்டல்.

மணி நாலு ஐம்பது. புதுத் தலைவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு, ஒரு முடிவுக்கு வந்தவர் மாதிரி எழுந்து மைக்குக்குப் போனார். மூன்று வருஷத்தில் அந்தக் குரலை அன்றுதான் கேட்டார்கள். பணிவான, ஆனால் அழுத்தமான குரல்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. எல்லாரும் கொஞ்சம் எந்திரிச்சு நிக்கறீங்களா?"

நிர்வாகக் குழு மொத்தமும் எழுந்து நின்றது. மகளிரணி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "விழுந்து கிடந்த கட்சியை ஒரே வார்த்தையில எழுந்து நிக்க வைச்சுட்டாருய்யா!" என்று வக்கீல் தழுதழுத்தார். செயலாளருக்கு உடம்பு புல்லரித்தது. பேர் தெரியாவிட்டால் என்ன, தலைமை என்றால் இதல்லவா தலைமை!

அப்போது வாசலில், தலையில் துண்டைச் சுற்றிய ஒரு பெரிய மீசைக்காரர் வந்து நின்று, மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"முதலாளி, அதான் எல்லாரும் எந்திரிச்சுட்டாங்களே, நம்ம சேரையெல்லாம் மடக்கி வண்டியில ஏத்திடட்டுமா? ஜெயிச்ச கட்சிக்காரங்க அஞ்சரைக்குள்ள போடணும்னு கத்தறாங்க!"