ஆளுக்கு ஒரு பிடி மேற்கோள்

அறிவை எடை போட முடியாது என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை என்று அர்த்தம். போடலாம். போடுகிறார்கள். அதற்கென்று தராசும் இருக்கிறது. அந்தத் தராசில் ஏறி நின்று நான் பட்ட அவமானத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். (எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. பூனாகலை பஸ்ஸில் பாதிப் பேருக்கும் தெரியும்.)

அப்போது நான் பதுளைப் பக்கம் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் விரிவுரையாளர். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து கலாநிதிப் பட்டம் வரை போனவன் என்ற நினைப்பில், சமதரையிலும் மேடேறுகிறவன் மாதிரியே நடப்பேன். என் துறை மண். மலைச்சரிவில் மண் எப்போது சறுக்கும், மானாப் புல்லின் வேர் அதை எவ்வளவு தூரம் பிடித்து வைக்கும் என்பது பற்றி மூன்று ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தேன். சிரேஷ்ட விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தவறினால் மறுபடி விண்ணப்பிக்க நெடுநாள் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பதவி கிடைத்துவிட்டது என்றே, வீட்டைத் தவிர்த்து, ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. ஓர் ஆய்வாளரின் பெயரைப் போட்டால், அவர் எழுதியதெல்லாம் வரும். பக்கத்திலேயே, அவர் எழுதியதை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் எழுத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கும் வரும். வருடத்துக்கு ஒரு கோடாகப் படமும் வரும். தேர்வுக்கு வெளியிலிருந்து வரவிருந்த பேராசிரியையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கோடுகள் லயத்துக்குப் பின்னால் எழும் மலை மாதிரி ஏறி ஏறிப் போயின. மேற்கோள் ஆயிரக்கணக்கில். எனக்குத் தெரியாத நாடுகளிலெல்லாம் யாரோ ஒருவர், தான் சொல்லும் ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் இந்த அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். சாமி கும்பிடுகிற மாதிரி தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

பிறகு என் பக்கத்தைத் திறப்பேன். மேற்கோள் நான்கு. எல்லாம் என் முதல் கட்டுரைக்கே. அதில் இரண்டை என்னுடைய மற்ற இரண்டு கட்டுரைகளிலும் நானே எழுதியிருந்தேன். மூன்றாவது என்னை வழிநடத்திய பேராசிரியர். நான்காவது மலேசியாவில் ஒருவர், நான் சொன்னது தவறு என்று நிரூபிப்பதற்காக.

தீபாவளிக்கு ஊருக்கு, பூனாகலைக்குப் போனபோது, இந்தத் துக்கத்தை அக்காவிடமும் மச்சானிடமும் காட்டினேன். புஷ்பம் அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அவள் கணவரான மச்சான் கொஸ்லந்தையில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோ கொப்பி, டைப்பிங், பைண்டிங், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே நடக்கும்.

"இது என்னாடா தம்பி?" என்றாள் அக்கா, போனை எட்டிப் பார்த்து.

"நான் எழுதுனத எத்தன பேரு எடுத்துச் சொல்லியிருக்காங்கன்னு கணக்குக்கா."

"ஒனக்கு எத்தன?"

"நாலு."

"ஒரு நாளைக்கா?"

"இல்லக்கா. மொத்தமே."

தோட்டத்தில் அன்றைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து நிறையாவிட்டால் முழுச் சம்பளத்துக்குப் பெயர் விழாது, அரைப் பேர்தான் விழும். அக்கா என்னை அந்தக் கண்ணால் பார்த்தாள்.

"அப்ப ஒனக்கு அரைப் பேருதான்" என்றாள், மெதுவாக.

நான் வாயை மூடிக்கொண்டு அதிரசத்தைத் தின்றிருக்கலாம். படித்தவன் இல்லையா, விளக்கம் சொல்லாமல் இருக்க முடியுமா? "அதுமட்டும் இல்லக்கா, எச் சுட்டெண்ணுன்னு இன்னொண்ணு இருக்கு. பத்துக் கூடை இருந்து, ஒவ்வொண்ணுலயும் பத்துக் கிலோவாச்சும் இருந்தா அந்த ஆளோட நம்பரு பத்து. கூடைன்னா கட்டுரை, கிலோன்னா மேற்கோள்."

"ஒரே கூடையில அம்பது கிலோ இருந்தா?"

"அப்பவும் ஒண்ணுதான்."

"இது எந்த ஊரு நியாயம்?" என்று அக்கா கொதித்தாள். மச்சான் கொதிக்கவில்லை. அவர் தொழில்காரர்.

"அப்ப எல்லாக் கூடைக்கும் சமமா போடணும். அப்பிடித்தானே மாப்ள?" என்றார்.

"ஆமா மச்சான்" என்றேன். அக்காவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. இரண்டாவது அதிரசத்தில் இருந்தேன்.

பொங்கல் கழிந்ததும் அந்த அதிசயம் தொடங்கியது. நான்கு பத்தானது. பத்து இருபதைத் தாண்டியது. பின்னர் நாற்பது. படுத்துக்கிடந்த தீக்குச்சி மாதிரி இருந்த என் கோடு எழுந்து நின்றது. மூன்று கட்டுரைக்கும் சமமாக மேற்கோள்! எச் சுட்டெண் ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவியது. மூன்றே கட்டுரை எழுதியவனுக்கு அதற்கு மேல் போக வழியில்லை. அதாவது நான் என் உச்சத்தைத் தொட்டுவிட்டேன்.

மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. புகழ் வரும்போது யார் எவர் என்று விசாரிப்பது அற்பத்தனம் என்று நினைத்தேன். பதுளையில் புதிதாகக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டேன். சக விரிவுரையாளர்களிடம், "சர்வதேச அளவில் மானாப் புல்லுக்கு ஒரு கவனம் வந்திருக்கிறது" என்று அடக்கமாகச் சொன்னேன். (அடக்கமாகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்.)

நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. என் மானம் போனதை மட்டும் தமிழில் தருகிறேன்.

மேசைக்கு அப்பால் நாலைந்து பேர் இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரிந்தவர் அந்தப் பேராசிரியை ஒருவர்தான். பருத்திப் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி, கையோடு கொண்டுவந்த சுடுதண்ணீர்ப் போத்தல். இவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குள் அத்தனை ஆயிரமும் எப்படி அடங்கியிருக்கின்றன என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களை மேற்கோள் காட்டியவர்களைப் பார்த்தேன். மிகவும் பரந்த வட்டம்" என்றார்.

"நன்றி மேடம்."

"முன்பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு பற்றி ஒரு டிப்ளோமா மாணவரின் ஒப்படைக் கட்டுரை. அதில் உங்கள் மூன்று கட்டுரைகளும் வருகின்றன." தாளைப் புரட்டினார். "மணப்பெண் அலங்காரம் பற்றி ஒன்று. கூந்தலின் வேர் உறுதிக்கு மானாப் புல்லை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். இது ஒரு கிரிக்கெட் கழகத்தின் ஆண்டறிக்கை. இது மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக மலர். தர்மகர்த்தாவின் வாழ்த்துரைக்கு அடிக்குறிப்பு இருக்கிறது."

அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கிழக்கு மாகாணத்துக்காரர்.

"எல்லாவற்றிலும் உங்கள் பெயருக்கு முன்னால் 'உலகப் புகழ் பெற்ற' என்று இருக்கிறது. உசாத்துணை நூல்களின் பட்டியலில் இதுவரை நான் அப்படிக் கண்டதில்லை" என்றார். பக்கத்திலிருந்தவர் இருமுவது போல் வாயைப் பொத்திக்கொண்டார். கோட்டுக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த நிலையிலும் ஒரு மூலையில் பிரமிப்புத்தான். பூனாகலைக் கோயில் மலரின் அடிக்குறிப்பைக்கூட விடாமல் தேடிப் பிடித்து எண்ணியிருக்கிறதே அந்தப் பக்கம்! சித்திரகுப்தன் தோற்றான்.

"எல்லாத் தாளின் அடியிலும் கொஸ்லந்தையில் ஒரே கடையின் பெயர் இருக்கிறது. யாருடையது என்று தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பேன். வாய் வரை வந்தது. ஆனால் அந்தக் கடைப் பெயரில் அக்காவின் பெயரும் இருந்தது: புஷ்பம் கொமினிகேஷன்.

"என் மச்சானுடைய கடை மேடம்" என்றேன்.

பிறகு எனக்கே இழுத்துப் பிடிக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மலையில் ஒருத்திக்கு உடம்பு முடியாமல் கூடை நிறையாவிட்டால், நிறுக்கப் போகும் வழியில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் சொல்லவும் மாட்டார்கள். அரைப் பேரோடு ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கம் எல்லாருக்குமே வெட்கம். அதைத்தான் எனக்கும் செய்திருக்கிறார்கள் என்று, பேசிக்கொண்டிருக்கும்போதே, எனக்கும் முதல்முறையாக விளங்கியது.

அந்தப் போலி மேற்கோள்களை எல்லாம் நீக்க வேண்டும், இந்த முறை பதவி இல்லை என்று தேர்வுக் குழுத் தலைவர் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் மரியாதையாகவே சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பேராசிரியை போத்தலோடு வந்தார். தமிழில் பேசினார்.

"தம்பி, ஒண்டு சொல்லட்டா? என்ட முதல் பத்து மேற்கோளும் ஒரே ஆள் எழுதினதுதான்."

"யாரு மேடம்?"

"இப்ப அவர் நான் கட்டின மனுசன்" என்றார். "அப்ப இல்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அத்தனை ஆயிரத்துக்கும் அடியில் ஒரு மனுசன் குந்தியிருந்து முதல் பிடியைப் போட்டிருக்கிறார்! பேராசிரியை மேல் எனக்கிருந்த பிரமிப்பு அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு மடங்கானது.

மச்சானைப் பிடித்துத் திட்டுவதென்று நேரே கொஸ்லந்தைக்கு பஸ் ஏறினேன். கடையில் அக்காவும் இருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் மச்சானே பெருமையாக ஆரம்பித்துவிட்டார்.

"டைப்பிங்குக்கு வந்த ஒரு புள்ளையவும் உடல மாப்ள. ஒன் பேரு இல்லாம பைண்டிங்கே இல்லன்னுட்டேன். முடிஞ்சதும் நானே நெட்டுல ஏத்திட்டேன். கோயில் மலருக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். ஐயரு, சமஸ்கிருதத்துக்கு நடுவுல புல்லு எதுக்குன்னு கேட்டாரு."

"பெரிய வேல கெடைச்சிருச்சா தம்பி?" என்றாள் அக்கா.

நடந்ததைச் சொன்னேன். மச்சானின் முகம் சுருங்கிப்போயிற்று. அக்கா என் கோட்டை வாங்கி, நாற்காலியில் மாட்டினாள்.

"ஒன்னய அரைப் பேரோட பாக்க எனக்கு மனசு வரலடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டுவதற்காகப் பதுளையிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த சொல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அழுகை வந்தது. இருமிச் சமாளித்தேன். என் மூன்று கட்டுரையையும் ஒரு வரி படிக்காதவர்கள், நான் குறைந்துபோகக் கூடாது என்பதற்காக ஒரு நகரத்துப் பிள்ளைகளையே பிடித்து எழுத வைத்திருக்கிறார்கள். அவர்களை எந்தத் தராசில் வைப்பது?

மச்சானே ஒவ்வொன்றாக அழித்தார். கணக்கு மறுபடி நான்குக்கு வந்தது.

அடுத்த வருடம் ஒரு காலையில் பக்கத்தைத் திறந்தபோது ஐந்து என்றிருந்தது. இந்த முறை தட்டிப் பார்த்தேன். பேராசிரியையின் புதிய கட்டுரை. மண்சரிவு பற்றிய ஒரு பத்தியில், மானாப் புல் பற்றி அரை வாக்கியம், அதன் முடிவில் என் பெயர். 'உலகப் புகழ்' எல்லாம் இல்லை. உடனே அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, அஞ்சு!"

"யாருடா போட்டது?"

"அந்த மேடம்."

"அவுங்க எந்தத் தோட்டம்?"

"தோட்டம் இல்லக்கா. படிச்சுப் பாத்துட்டுப் போட்டிருக்காங்க."

"படிச்சுப் பாத்தா?" என்றாள் அக்கா. அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அந்த வாரமே மேடத்துக்கு ஒரு பார்சல் தேயிலை போயிற்று.

பிறகு பதவி வந்தது, கோட்டுக்கும் வேலை வந்தது. ஆனால் வீட்டில் அதெல்லாம் எடுபடவில்லை. இன்றைக்கும் நான் சாப்பிட உட்கார்ந்தால் அக்கா சோற்றுக் கரண்டியோடு நின்று, "ஒலகப் புகழுக்கு இன்னொரு பிடி போடவா?" என்றுதான் கேட்பாள். போன வருடம் அக்கா மகளின் கல்யாணப் பத்திரிகையை மச்சான் அடித்தார். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில், என் முதல் கட்டுரையின் பெயர். பழக்கதோஷத்தில் அதையும் இணையத்தில் ஏற்றிவிட்டார்.

இப்போது என் பக்கத்தில் ஆறு என்றிருக்கிறது. யாராவது கேட்டால், ஐந்து என்றே சொல்கிறேன். ஆனால் அந்த ஆறாவதை அழிக்கும்படி மச்சானிடம் நான் இன்னும் சொல்லவில்லை.